சின்னப் பிள்ளையோடு மொரீசியஸ் வருகிறவர்கள் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மொரீசியஸ் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையை இங்கே காத்தர் போர்னில் உட்கார்ந்து வாசித்தேன். நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. மாலையில் கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். கட்டுரை நன்றாகவே இருந்தது. கடைசிப் பத்தியில் வந்த ஒரு வரிதான் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சின்னக் குழந்தை இருந்தாலும் தயங்க வேண்டாம், இதே 5 நாள் திட்டம் போதும் என்று எழுதியிருந்தீர்கள். முதல் நாள் வடக்குக் கரை, மறுநாள் படகில் இல் ஓ செர்ஃப் என்ற குட்டித் தீவு, அதற்கடுத்த நாள் சமரேல் மலை ஊர், கங்கா தலாவ் ஏரிக் கோயில், கிரி கிரி கடற்கரை மூன்றும். கிட்டத்தட்ட இதே திட்டத்தை ஏஜென்ட் போட்டுக் கொடுக்க, அதை நம்பி என் தங்கை குடும்பம் இரண்டு வருஷத்துக்கு முன் ஜூலையில் வந்தது. தங்கை மகனுக்கு 2 வயது நிறைய அப்போது ஐந்தே நாள்.

ஜூலை என்றால் நம் பக்கம் குற்றாலத்தில் சாரல் பொழியும் காலம். இங்கே அது நடுக் குளிர்காலம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் எல்லாம் தலைகீழ். குளிர் என்றால் ஊட்டிக் குளிர் இல்லை, கரையோரத்தில் பகலில் 24, 25 டிகிரி இருக்கும். தொந்தரவு தருவது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து காற்று விடாமல் வீசும். அதை நேருக்கு நேராக வாங்கிக்கொள்வது கிழக்குக் கரை. மேற்கே இருக்கிற ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் நடுவிலுள்ள மேட்டு நிலமும் மலைகளும் காற்றை மறித்துவிடும். இந்த ஊர்க்காரர்கள் எந்த மாதம் எந்தக் கரைக்குப் போகலாம் என்பதை யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். என் தங்கைக்கு ஏஜென்ட் ஜூலையில் கிழக்குக் கரையில், பெல் மார் பக்கம் ஒரு ஹோட்டலைப் பிடித்துக் கொடுத்திருந்தார். படத்தில் கடல் பச்சையாக, அசையாமல் கிடந்தது. நேரில் மணல் பறந்து பிள்ளையின் கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் அதே கிழக்குக் கரையிலுள்ள த்ரூ தோ தூஸ் என்ற ஊரிலிருந்து இல் ஓ செர்ஃபுக்குப் படகில் ஏறியிருக்கிறார்கள். குழந்தை அளவுக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டால் இல்லை என்றார்களாம். பெரியவர்கள் போடுவதையே அவனுக்குச் சுற்றிக் கட்டி, தங்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். கடல் தண்ணீர் மேலே தெறித்து, அந்தக் காற்றில் ஈரச் சட்டையோடு இருந்ததில் பிள்ளையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. போகும்போது ஒரு வாந்தி, வரும்போது ஒரு வாந்தி. சாயங்காலம் போனில் அழுதாள். "அக்கா, ரெண்டு நாளா இவன் தூங்கவே இல்லக்கா" என்றாள். நான் அன்றைக்கே போய்க் கூட்டி வந்துவிட்டேன். மீதி நாளுக்குக் கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

தூங்காததற்குக் காரணம் வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. அவன் தொட்டிலில் தூங்கிப் பழகிய பிள்ளை. ஹோட்டலில் கொடுத்த கம்பிக் கட்டிலில் கிடத்தினால் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். எங்கள் வராந்தாவில் என் வீட்டுக்காரர் உத்தரத்தில் கயிறு போட்டு, தங்கை கொண்டு வந்திருந்த அம்மாவின் பழைய நூல் சேலையைத் தொட்டிலாகக் கட்டினார். போட்டு நாலு ஆட்டு ஆட்டியதும் உறங்கியவன் மூன்று மணி நேரம் கழித்துத்தான் எழுந்தான். எந்தப் பயணக் கட்டுரையிலும் இதை யாரும் எழுதுவதில்லை. பிள்ளை எதில் தூங்கும் என்று கேட்டுவிட்டுத்தான் தங்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். ஹோட்டல் அறையை விட, சமையலறையும் வராந்தாவும் உள்ள வாடகை வீடு பிள்ளைக்காரிக்கு நூறு மடங்கு வசதி.

"மதினி, இம்புட்டுச் சின்னத் தீவு, ஒரே நாள்ல சுத்திரலாம்லா?" என்று தங்கை வீட்டுக்காரர் கேட்டார். எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. வரைபடத்தில் பார்த்தால் உள்ளங்கை அளவு. ஆனால் பெல் மாரிலிருந்து சமரேல் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைசியில் மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வளைவில் போவது ஆபத்து. டாக்ஸிகளில் குழந்தை இருக்கையை எதிர்பார்க்க முடியாது. வாடகைக் காராக எடுத்தால் முன்கூட்டியே சொல்லி வாங்கிவிடலாம். நம் ஊர் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

அதனால் மீதி நாட்களில் நாங்கள் எங்குமே சுற்றவில்லை. காலை எட்டு மணிக்கு ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரை, பத்து மணிக்குள் வீடு. அங்கே பவளப்பாறை தூரத்திலேயே அலையை உடைத்துவிடும். கரையோரம் தண்ணீர் முழங்கால் அளவுக்கு, குளம் மாதிரி நிற்கும். முதல் நாள் அவன் தண்ணீருக்குள் இறங்கவே இல்லை. நான் வீட்டிலிருந்து தண்ணீர் குடிக்க ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு போயிருந்தேன். அதைப் பிடுங்கிக்கொண்டான். மண்ணில் கையால் ஒரு குழி பறித்தோம். டம்ளரில் தண்ணீர் மொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, பாதியை வயிற்றில் கொட்டிக்கொண்டே வந்து குழியில் ஊற்றினான். மண் உறிஞ்சிவிட்டது. குனிந்து குழியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். திரும்பப் போய் மொண்டு வந்தான். ஒரு மணி நேரம் இதே வேலை. நடுவில் ஒரு குட்டி நண்டு குழிக்குள்ளிருந்து ஏறி ஓடியபோது அவன் போட்ட சத்தத்தில், சவுக்கு மர நிழலில் பிரியாணிச் சட்டியோடு உட்கார்ந்திருந்த குடும்பம் முழுக்க எழுந்து பார்த்தது. தங்கை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள். இல் ஓ செர்ஃபுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சாப்பாடும் அப்படித்தான். ஹோட்டலில் இருபது தட்டு வைத்திருந்தும் அவன் வாயில் வாழைப்பழம் தவிர எதுவும் இறங்கவில்லையாம். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியின் முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவருக்குத் தமிழ் பேச வராது, வீட்டில் பிரெஞ்சிலிருந்து வந்த இந்த ஊர்ப் பேச்சு மொழியான கிரியோல்தான். ஆனால் முருங்கைக்கீரையை 'முரூம்' என்பார், ரசத்தை 'ரசோ' என்பார். அந்த முரூம் கீரையை வெங்காயம், பூண்டு போட்டுத் தெளிவாகக் கொதிக்க வைத்து ஒரு கிண்ணம் கொண்டு வந்தார். குழைந்த சோற்றில் விட்டுப் பிசைந்து கொடுத்தோம், ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டான். இங்கே காய்கறிச் சந்தையில் இந்தக் கீரை சாதாரணமாகக் கிடைக்கும். தோல் பூரி வாங்கினால் சட்னியும் மிளகாயும் வைக்காமல் தரச் சொல்லுங்கள், கடலைப்பருப்புப் பூரணம் வைத்த மெல்லிய ரொட்டிதான், பிள்ளைகள் விரும்பித் தின்னும். பழம், கறிவேப்பிலை, விதை எதையும் ஊரிலிருந்து கொண்டு வராதீர்கள், அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். பிள்ளைக்குப் பழகிய பால் பவுடரைக் கொண்டு வாருங்கள். இங்கே சுவரில் இருப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் வகை மூன்று முனை பிளக், நம் உருண்டை முனை அதில் நுழையாது. நடுராத்திரி வெந்நீர் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காமல் இருக்க ஒரு அடாப்டர் வேண்டும்.

டிக்கெட் விஷயம் ஒன்று. 2 வயது நிறையாத பிள்ளைக்கு மடியில் வைத்துக்கொள்ள, பெரியவர் கட்டணத்தில் சிறு பங்குதான் வாங்குவார்கள். 2 நிறைந்துவிட்டால் தனி இருக்கை. வரும்போது நிறையாமல், திரும்பும்போது நிறைந்திருந்தால் திரும்பும் பயணத்துக்குத் தனி டிக்கெட் வேண்டும். தங்கைக்கு இதை யாரும் சொல்லவில்லை. இங்கே கோயிலில் பிறந்தநாள் அர்ச்சனை முடித்து, விமான நிலையம் போய், கவுன்டரில் நின்று கடைசி நேர விலைக்கு வாங்கினார்கள்.

எந்த மாதம் வரலாம் என்று கேட்டால், பொங்கல் விடுமுறையில் மட்டும் பிள்ளையோடு வராதீர்கள் என்பேன். ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே புயல் வரக்கூடிய காலம். 2024 பொங்கலன்று, ஜனவரி 15, பெலால் புயலில் தலைநகர் போர் லூயியின் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனது. இங்கே புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை படிப்படியாக ஏறும். மூன்றாவது வந்துவிட்டால் பஸ் ஓடாது, கடை திறக்காது. பால் பவுடரும் டயப்பரும் தீர்ந்தால் வாங்க வழியில்லை. நம் ஊர்க் கோடை விடுமுறையான ஏப்ரல் கடைசி, மே நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், காற்று வலுத்திருக்காது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைதானே, அக்டோபரிலும் வரலாம். ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்றால் மேற்குக் கரையில் தங்குங்கள். வடக்கே மோன் ச்வாசியும் பரவாயில்லை.

கிரி கிரி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தெற்கே சூயாக் பக்கம் பவளப்பாறை அரண் விட்டுப்போயிருக்கிறது. அதனால் பெருங்கடல் நேராகக் கறுப்புப் பாறையில் வந்து மோதுகிறது. அலையைப் பார்க்க அழகான இடம், ஆனால் தண்ணீரில் இறங்கக் கூடாது. பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவும் கூடாது. உங்கள் கட்டுரை இதைக் 'குளித்து மகிழும்' இடங்களோடு சேர்த்திருந்தது. தயவுசெய்து திருத்தம் போடுங்கள்.

அமைதியான கரையிலும் வெறுங்காலோடு இறக்க வேண்டாம். உருண்டை உடம்பு முழுக்க முள்ளாக இருக்கும் கடல் முள்ளெலி உண்டு, உடைந்த பவளம் உண்டு. லாஃப் என்று இங்கே சொல்லும் கல்மீன் பார்வைக்குப் பாசி பிடித்த கல் போலவே கிடக்கும், அதன் முதுகு முள்ளில் விஷம். பெரியவர்களும் பிள்ளையும் ரப்பர் அடிப்பாகம் உள்ள தண்ணீர் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைக்க வேண்டும், சூட்டை முதலில் நம் கையில் பார்த்துவிட்டு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். இங்கே ஆம்புலன்ஸ் எண் 114. வடக்கில் தங்கினால் பாம்ப்ளமூஸிலும், தெற்கில் தங்கினால் ரோஸ் பெல்லிலும் பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

மலேரியா இங்கே இல்லை. ஆனால் டெங்கு வருகிறது, 2025-இல் பக்கத்து ரீயூனியன் தீவில் பெரிதாகப் பரவிய சிக்குன்குனியா இங்கேயும் எட்டிப் பார்த்தது. அந்தக் கொசு பகலில் கடிக்கும். மத்தியானத் தூக்கத்துக்கும் கொசுவலை போடுங்கள்.

அடுத்த முறை இந்தத் தீவைப் பற்றி எழுதும்போது சின்னப் பிள்ளைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு பத்தி ஒதுக்கி, எந்த மாதத்துக்கு எந்தக் கரை என்பதையும் அந்த 114-ஐயும் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். என் தங்கைக்கு இப்போது ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. அக்டோபரில் மறுபடி வருகிறார்கள், அப்போது அவளுக்கு ஒன்றே கால் வயது. மேற்குக் கரையில் 9 நாளைக்கு ஒரு வீடு பேசியிருக்கிறோம். பார்க்கப் போகிற இடம் இரண்டுதான். பாம்ப்ளமூஸ் பூங்காவில் தாம்பாளம் மாதிரி மிதக்கும் பெரிய அல்லி இலைகள், தெற்கே லா வனில் விலங்குப் பூங்காவில் பெரிய ஆமைகள். அம்மாவின் சேலையை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். டம்ளர் வேண்டாம், போன தடவை விட்டுப்போனது என் அடுக்களையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காத்தர் போர்ன், மொரீசியஸ்