கர்ப்பிணித் தாய்மாருக்கான ஜெபக் கூடுகை

கர்த்தருக்குள் அன்பான சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். நம் பாளையங்கோட்டைச் சபையில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் தாய்மாருக்காக வரும் வெள்ளிக்கிழமை மாலை ஜெபிக்க இருக்கிறோம். லூக்கா 1-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வாருங்கள். ஆறாம் மாதத்தில் இருந்த எலிசபெத்தைத் தேடி மலைநாட்டுக்கு விரைந்த மரியாள், ஏறக்குறைய 3 மாதம் அவளோடு தங்கியிருந்தாள் என்பதை வாசிக்கும்போதெல்லாம், தேவன் தம் ஆறுதலை ஒரு பெண்ணின் கையில் கொடுத்தனுப்புகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் நம் மகள்கள் இரவில் உறக்கமின்றிப் பயப்படுவதை நாம் அறிவோம். அவர்களோடு அமர்ந்து சங்கீதம் 139-ஐ வாசியுங்கள். விசுவாசம் இருக்கிறதே என்று இரத்த அழுத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கவும் வேண்டாம், சத்து உடலில் சரியாகச் சேராது. நிறைமாதத் தாய்மாருக்கு முன்வரிசையில் நாற்காலி போடப்படும். அவர்கள் முழங்காலிட வேண்டியதில்லை.