ராஜினாமாக் கடிதத்தை நீட்டினால்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆட்குறைப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கக் கம்பெனிகள் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பின என்று விவரமாக எழுதியிருந்தீர்கள். ஆனால் நம் மதுரையின் கப்பலூர் தொழிற்பேட்டையிலோ இலந்தைக்குளம் ஐடி பார்க்கிலோ வேலை இழக்கிறவருக்குச் சட்டப்படி என்ன வரவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. மில்லில் தொழிலாளர்களின் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் அதை நானே எழுதுகிறேன்.

இப்போது யாரும் 'உன்னை நீக்குகிறோம்' என்று எழுதித் தருவதில்லை. எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, ஏற்கெனவே டைப் அடித்து வைத்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போட்டால் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் நல்லபடியாக வரும், இல்லாவிட்டால் வேறு எங்கும் வேலை கிடைக்காது என்கிறார்கள். என் தங்கை மகனுக்கும் இதுதான் நடந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் எனக்குப் போன் செய்தான்.

அந்தக் கையெழுத்தின் விலை என்ன? அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய், 8 ஆண்டு 7 மாதம் சர்வீஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் 9 ஆண்டாகக் கணக்கு. கம்பெனியே ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்குப் பதில் 26,000. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடு 1,17,000. புதிய தொழில் உறவுச் சட்டத்தில், வேறு வேலைத்திறன் கற்றுக்கொள்வதற்கான மறுதிறன் நிதி என்று இன்னொரு 15 நாள் சம்பளம் 13,000. இது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வரவேண்டும். ஆக 1,56,000. தானாக ராஜினாமா செய்தால் இதில் ஒரு பைசா கிடையாது. ஐந்து ஆண்டு முடித்தவருக்குரிய கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை, இந்தக் கணக்கில் 1,35,000, அது மட்டும் இந்த இரண்டில் எப்படிப் போனாலும் உண்டு. அதைத் தருவதையே பெரிய தாராளம் போலக் காட்டுகிறார்கள்!

'நீ மேனேஜர், தொழிலாளர் சட்டம் உனக்கு இல்லை' என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை, செய்த வேலையைத்தான் பார்க்கும். தொழில்நுட்ப வேலையும் குமாஸ்தா வேலையும் சட்டத்துக்குள் வருகின்றன. முக்கியமாக நிர்வாக வேலையே பார்க்கிறவர்களும், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000க்கு மேல் வாங்குகிறவர்களும்தான் வெளியே.

கையெழுத்துப் போட்டாயிற்றா? சரி, அன்றைக்கே 'மிரட்டி வாங்கினார்கள், ராஜினாமாவை வாபஸ் பெறுகிறேன்' என்று மெயிலும் ஸ்பீடு போஸ்ட்டும் அனுப்பிவிட வேண்டும். அப்புறம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. தங்கை மகன் விஷயம் இப்போது அங்கேதான் நிற்கிறது. தாமதித்தால் கஷ்டம்: முன்பு வேலைநீக்க வழக்குக்கு 3 ஆண்டு அவகாசம் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தில் அது 2 ஆண்டாகிவிட்டது. அதே சட்டத்தில், ஆட்குறைப்புக்கு அரசிடம் முன் அனுமதி வாங்கவேண்டிய தொழிற்சாலைகளின் வரம்பையும் 100 பேரிலிருந்து 300 பேருக்கு உயர்த்திவிட்டார்கள். நம் பக்கத்துப் பட்டறைகளும் சிறு மில்களும் எங்கே 300 பேரை வைத்திருக்கின்றன?

வக்கீலுக்குக் காசில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

இன்னொன்று. வேலையை விட்டு அனுப்புகிற அன்றைக்கே ஆபீஸ் மெயிலை முடக்கிவிடுவார்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு இவற்றின் நகல்களை வேலையில் இருக்கும்போதே வீட்டில் வைத்திருங்கள் என்று உங்கள் இதழில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.