52 என்று காட்டினால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகன் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கிவிட்டான் என்பதில் ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் பாதிக் கடிதம், உன் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 52 என்று உன் கைக்கடிகாரம் காட்டியதைப் பற்றித்தானே! சரி, அதையே பேசுவோம்.

60-க்குக் கீழே போனால் மெதுவான துடிப்பு என்பது பழைய கணக்கு. நல்ல ஆரோக்கியத்தோடு நடமாடுகிறவர்களிலேயே ஐம்பதுகளில் துடிப்பவர்கள் ஏராளம் என்பதால், இப்போது பல மருத்துவர்கள் 50-ஐத்தான் எல்லையாக வைக்கிறார்கள். உன் மகனுக்கு 45 காட்டினாலும், மயக்கம் கியக்கம் இல்லையென்றால் கவலைப்படாதே. ஓடிப் பழகிய இதயம் ஒரே துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளிவிடும். அந்த வயதில் தூக்கத்தில் 40-க்குக் கீழே இறங்குவதும் உண்டு.

இங்கே புதுச் செய்தி, எனக்குப் பேரன் பிறந்திருக்கிறான். பிறந்த குழந்தைக்கு 120, 140 எல்லாம் சாதாரணம். 100-க்குக் கீழே போனால்தான் மெதுவான துடிப்பு. மூச்சுக்கு உதவி வேண்டுமா என்று உடனே பார்ப்பார்கள். நமக்கு 95 இருந்தால் கொஞ்சம் வேகம் என்போம், அவனுக்கோ அது ஆபத்து!

நம் விஷயத்துக்கு வருகிறேன். வயது ஏற ஏற, இதயத்தின் மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல்கள் குறைந்து, அந்த இடம் நார்த்திசுவாகிறது. அதனால் நோயாக வரும் மெதுவான துடிப்பு பெரும்பாலும் 65-க்கு மேல்தான். துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்துக்கொள்பவர்களில் முதியவர்களே அதிகம் என்பதும் இதனால்தான்.

ஆனால் எனக்கு முதல் சந்தேகம் உன் மாத்திரை மேல்தான். ரத்த அழுத்தத்துக்கு அடினோலாலோ மெட்டோபுரோலாலோ சாப்பிடுகிறாயா? கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டுகூடத் துடிப்பைக் குறைக்கும். கண்ணில் விடுவதுதானே என்று மருத்துவரிடம் பலர் சொல்வதே இல்லை. அதற்காக நீயாக எதையும் நிறுத்திவிடாதே.

கடிகாரத்தையும் முழுசாக நம்பாதே. இடையில் வரும் பலவீனமான துடிப்புகளை அது எண்ணாமல் விட்டுவிடலாம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து, முழு நிமிடமும் எண்ணு. அப்புறம், தலைசுற்றல் உண்டா, கண் இருட்டுகிறதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று எழுது. மயங்கி விழுந்தால் மட்டும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, நேரே மருத்துவமனைக்குப் போ. ஒன்றும் இல்லையென்றாலும், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மாத்திரை, சொட்டு எல்லாவற்றையும் எடுத்துப்போய்க் காட்டி, ஒரு இசிஜி எடுத்துவிடு.

அன்புடன்,
உன் நண்பன்