பறிக்குள் போன சாயம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டாயா?

எனக்கு இருட்டறை வாசம்தான். செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதைப் பார்க்கிற வேலை. "கால்சியம் எலும்பில்தானே இருக்கும்?" என்று கேட்டிருந்தாய். எலும்பு அதற்குக் கிடங்கு. செல்லுக்குள் அதுவே தந்தி. வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே சும்மா இருக்கும். அதனால் துளி கூடினாலும் செல்லுக்குச் சேதி போய்விடும்.

அதைக் காட்டிக்கொடுப்பது ஃபூரா-2 என்ற சாயம். வேதியியலாளர் ரோஜர் சியென் குழு 1985-இல் வெளியிட்டது. கால்சியத்தைப் பிடித்ததும் 340 நானோமீட்டர் ஒளியில் அதிகமாக ஒளிரும், 380-இல் மங்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிட்டால், எந்தச் செல்லுக்குள் சாயம் கூடப் போனது, எதில் குறைந்தது என்று கவலைப்பட வேண்டாம்.

சாயம் உள்ளே போகிற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதன் மேல் எதிர்மின்னூட்டம் உண்டு, கொழுப்புச் சவ்வு அதை விடாது. அதனால் அந்த இடங்களை எஸ்டர் என்ற வேதி மூடி போட்டு மறைத்து அனுப்புகிறார்கள். உள்ளே போனதும் செல்லின் நொதிகளே அந்த மூடியை வெட்டிவிடும். மின்னூட்டம் வெளிப்பட்டதும் சாயம் திரும்பி வர முடியாது. நம் வாய்க்காலில் மீன் பிடிக்கப் பறி வைப்பார்களே, அதே கதை.

போன வாரம் பேராசையில் சாயத்தை அள்ளிப் போட்டேன். படம் தீபாவளி மாதிரி பளிச்சென்று இருந்தது. ஆனால் செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றிவிடும் ஹிஸ்டமினை விட்டால், திரையில் கால்சியக் கோடு அசையவே இல்லை! வந்த கால்சியத்தை எல்லாம் சாயமே பிடித்துக்கொண்டுவிட்டது. அளக்கப் போன மரக்காலே நெல்லைத் தின்ற மாதிரி. மறுநாள் அளவைப் பாதியாக்கினேன். ஒரு செல் சட்டென்று நீலத்திலிருந்து சிவப்புக்கு ஏறி அடங்கியது. பக்கத்துச் செல் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருந்தது. (அந்த நிறமெல்லாம் கணினி பூசுவது, நிஜத்தில் வருவது மங்கலான பச்சைதான். பசங்களிடம் படம் காட்டினால் இதையும் சொல்.)

லீவில் ஒரு நாள் வா, காட்டுகிறேன். சுவெட்டர் எடுத்து வா, ஏசி நடுக்கும்.

அன்புடன்,
மல்லிகா