படுவான்கரைச் சைக்கிளும் உன் ஊர்ச் சிவப்புக் காரும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, இப்போது தானே ஊசியில் நூல் கோர்க்கிறார். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

சூரிச்சுக்குப் போன புதிதில் நீ கார் வாங்கிப் படம் அனுப்பியது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அதை விற்றுவிட்டு, ஸ்டேஷனில் நிற்கும் மொபிலிட்டி கூட்டுறவின் சிவப்புக் காரைத் தேவைக்கு மட்டும் எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை மூன்று தரம் வாசித்தேன். என் ஆய்வே அதுதான் மச்சான். 1987இல் தனித்தனியே தொடங்கிய இரண்டு சிறு கூட்டுறவுகள் 1997இல் ஒன்றாகி வந்தது அது. கார் விற்கிறவனுக்கு, விற்றது சீக்கிரம் தேய்ந்தால் இன்னொன்று விற்கலாம். ஓட்டத்துக்குக் காசு வாங்குகிறவனுக்கோ, கார் நின்றுபோனால் நட்டம் அவன் தலையில். அதனால் நீடித்து உழைப்பதைப் பார்த்து வாங்குவான், பழுது வரமுன்பே கவனிப்பான். பொருளை எறியாமல் திருத்தித் திரும்பத் திரும்பப் பாவிக்கும் சுழற்சிப் பொருளாதாரம் என்று நான் படிப்பதன் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய முன்னோடியும் உங்கள் நாட்டுக்காரர்தான். வால்டர் ஸ்டாஹெல், கட்டடக்கலை படித்தவர். 1976இல் ஜெனிவியேவ் ரெடேயுடன் சேர்ந்து ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பொருள் உற்பத்தியில் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு, மண்ணைத் தோண்டி இரும்பாகவும் சீமெந்தாகவும் ஆக்குவதிலேயே போய்விடுகிறது. அந்த இரும்பைப் பொருளாக்குவதற்குக் கால் பங்குதான். ஆள்வேலை இதற்கு நேர் எதிர். ஆக, இருப்பதைத் திருத்திப் பாவித்தால் சக்தி மிஞ்சும், கைகளுக்கு வேலை கிடைக்கும்.

இதை வாசித்தபோது நம் சந்திச் சைக்கிள் கடை அண்ணனின் கைதான் கண்ணுக்குள் வந்தது. போன சனிக்கிழமை அப்பாவின் பழைய றலிச் சைக்கிளை அவரிடம் கொண்டுபோனேன். பின்சில்லின் அச்சைக் கழற்றி, உள்ளே உருளும் இரும்புக் குண்டுகளான போல்ஸ்களைச் சிரட்டையில் கொட்டி மண்ணெண்ணெயில் கழுவினார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தேய்ந்ததை மட்டும் ஒதுக்கினார். மிச்சத்தையும் புதியவற்றையும் கிறீஸில் பதித்துப் பூட்டி, சில்லைச் சுற்றிவிட்டு, காதைக் கிட்டக் கொடுத்தார். சத்தமே இல்லை. "இனி மகனும் ஓடலாம் தம்பி" என்றார்.

அதே அண்ணனிடம்தான் என் மின்சார ஸ்கூட்டரின் பற்றரியையும் கொண்டுபோயிருந்தேன். இரண்டே வருடத்தில் படுத்துவிட்டது. விற்ற கடையில் திறந்துபார்க்கவே மாட்டோம், புதிதாக வாங்கு என்றார்கள். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் ஆணிகூட இல்லை, பெட்டி முழுக்கப் பசையால் ஒட்டி மூடியிருக்கிறது. உள்ளே ஒன்றிரண்டு செல்தான் செத்திருக்கும், மற்றதெல்லாம் உயிரோடு இருக்கும். எறிய மனமில்லாமல் திண்ணை மூலையில் வைத்திருக்கிறேன், காணும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதை விற்காமல் மாத வாடகைக்குத் தந்திருந்தால், அப்படி ஒட்டியிருப்பார்களா?

ஆனால் வாடகைக்கு விட்டாலே எல்லாம் சரி என்றும் இல்லை. நெதர்லாந்தின் ஆர்னல்ட் டக்கர் 2004இல் இப்படிப்பட்ட சேவைகளை எட்டு வகையாகப் பிரித்து ஆராய்ந்தார். பெரும்பாலானவற்றில் சுற்றுச்சூழலுக்குக் கிடைப்பது சொற்ப நன்மைதான் என்று கண்டார். தனதில்லாத பொருளை ஆட்கள் கவனமில்லாமல் பாவிப்பதையும் சொல்கிறார். சீனாவில் 2017, 2018 அளவில் பகிர்வுச் சைக்கிள்கள் வெளி வெளியாகக் குவிந்து கிடந்த படங்களை நீயும் பார்த்திருப்பாய். தேவைக்கு மேலே தெருவில் இறக்கினார்கள், தன்னுடையது என்று கவனிக்க ஒருவரும் இல்லை.

2022இல் நீ இங்கே இல்லை. பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியைக் காட்டி அளவாக வாங்கும் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல். பரணிலும் மாட்டுக்கொட்டிலிலும் கிடந்த சைக்கிளெல்லாம் வெளியே வந்தன, அண்ணன் கடை வாசலில் வரிசை. பெற்றோல் தாராளமாகக் கிடைத்ததும் பாதி திரும்பக் கொட்டிலுக்கே போய்விட்டன. குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறி மண்டூருக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவுதான். அக்கரையான படுவான்கரையில் இறங்கும் சனம் பஸ்ஸைப் பார்த்து வெயிலில் நிற்கிறது, சைக்கிளோ கொட்டிலில் துருப்பிடிக்கிறது.

அதனால் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். அப்படிக் கிடக்கும் 20 சைக்கிளைச் சேர்த்துத் துறையடியில் நிறுத்துவது. பாவிக்கிறவர்களே அங்கத்தவர்கள், மாதம் ஒரு சிறு தொகை. அதில் அண்ணனுக்கு நிரந்தரமாக ஒரு பங்கு. இன்றைக்கு அவருக்குச் சைக்கிள் உடைந்தால்தான் காசு, இந்த ஏற்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் காசு. நல்ல ரயர் போடுவதும் அச்சுக்கு நேரத்துக்குக் கிறீஸ் வைப்பதும் அவருக்கே இலாபமாகிவிடும். நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஆர் உடைச்சதெண்டு எப்பிடித் தெரியும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நீ அந்தக் காரை எடுக்கும்போது முன்பே கீறல் இருந்தால் என்ன செய்கிறாய்? யாரிடம் சொல்வது, செலவை யார் தலையில் போடுகிறார்கள், பொய் சொல்கிறவர்களை எப்படிச் சமாளிக்கிறார்கள்? விசாரித்து விபரமாக எழுது. அண்ணனிடம் பதிலோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் பழைய சைக்கிள் கூட்டாளி