மாத்திரை முடியும்வரை பச்சையாகச் சாப்பிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு ஆன்டிபயாடிக் ஓடுகிறது, சமைக்க அலுப்பாக இருக்கிறது, ராத்திரி பாக்கெட் சாலட்டோடு முடித்துக்கொள்கிறேன் என்றாய். போனில் சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுவாய். அதான் எழுதுகிறேன்.

நீ இருக்கும் ஜெர்மனியிலேயே, யூலியஸ் கூன் ஆய்வு நிறுவனத்தார் கடையில் வாங்கிய கலவை சாலட், அருகுலா என்ற சாலட் கீரை, கொத்தமல்லி எல்லாவற்றையும் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஈ-கோலை என்ற குடல் கிருமி அவற்றில் இருந்தது. ஆமாம், நாம் ரசத்தில் கிள்ளிப் போடும் அதே கொத்தமல்லிதான்.

மருந்து கொடுத்து வளர்த்த மாடு, பன்றியின் கழிவு வயலுக்கு உரமாகப் போகிறது. அழுக்குத் தண்ணீரும் பாய்கிறது. கிருமி இலைக்கு வர அது போதும். பெரும்பாலும் அது நோய் தராத கிருமி. ஆனால் மருந்தை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட் என்ற குட்டி டி.என்.ஏ வளையத்தில் இருக்கும். கூட்டமான பஸ்ஸில் டிக்கெட் கைமாறிப் போகிற மாதிரி, குடலுக்குள் அது வேறு கிருமிக்குப் போய்விடும். கொடுத்த கிருமியிடமும் ஒரு நகல் தங்கிவிடும். நீ மாத்திரை போடும் இந்த நாட்களில் மற்ற கிருமிகள் சாக, எதிர்ப்புள்ளதுக்கு இடம் காலியாகக் கிடைக்கும். எனக்கு அதுதான் பயம்.

நான் வேலை பார்த்த லேபில், கிருமியை வளர்க்கும் கல்ச்சர் பிளேட்டின் மேல் மருந்து வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். நான் ரிட்டயர் ஆகும் சமயத்தில் சில பிளேட்டுகளில் ஒரு வட்டம்கூட இல்லை, எல்லா வில்லையையும் ஒட்டிக் கிருமி படர்ந்திருந்தது. உன் அப்பாவோ தொண்டை கரகரத்தால் இன்னும் தண்டையார்பேட்டை மெடிக்கலில் ‘ரெண்டு மாத்திரை கொடுப்பா’ என்று கேட்கக் கிளம்புகிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று மாத்திரை அட்டையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அதைக் காட்டித் திட்டினேன்.

இலையைக் கழுவினால் கிருமி குறையும், முழுதாகப் போகாது. டாக்டர் சொன்ன நாள்வரை மாத்திரையை விடாமல் போடு, அதுவரை எல்லாவற்றையும் வேகவைத்துச் சாப்பிடு. கொத்தமல்லியையும் போட்டு ஒரு கொதி விடு, வாசனை கொஞ்சம் போனால் போகட்டும். அப்புறம் சாலட் தாராளமாகச் சாப்பிடு. நறுக்கிய பாக்கெட் வேண்டாம், முழு இலையாக வாங்கிக் கழுவி அன்றைக்கே முடித்துவிடு.

யூரின் கல்ச்சர் எடுத்தார்களா? ரிப்போர்ட் இருந்தால் படம் எடுத்து அனுப்பு. எந்த மருந்துக்கு எதிரே ‘ஆர்’ (கிருமி அந்த மருந்துக்கு அடங்காது) என்று போட்டிருக்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும்.

அம்மா