மழை இறங்குவதற்குள் 18,650 வெள்ளி: மியன்மார் நிவாரண, சமாதான நிதிக்கு வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து தோள் கொடுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். மியன்மார் நிதிக்கு நாம் வைத்த இலக்கு 48,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இன்றுவரை சேர்ந்தது 29,350. குறைவது 18,650. வெளிநாட்டு அறப்பணிக்குப் பணம் திரட்ட அறநிறுவன ஆணையர் தந்த அனுமதி ஏப்ரல் 30-ஆம் தேதியோடு முடிகிறது. அப்புறம் யாராவது மனமுவந்து ஐந்து வெள்ளி நீட்டினாலும் எங்களால் வாங்க முடியாது. இன்னொன்று, மே நடுவில் அங்கே பருவமழை இறங்கிவிடும். மலைப்பக்கத்து மண்பாதைகள் சேறாகிவிட்டால் லாரி போகாது. அக்டோபர் வரைக்கும் அதே கதிதான்.

எத்தனையோ தேசம் எரிகிறது, ஏன் மியன்மார் என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் நம் சபையின் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ரங்கூனில் (இன்றைய யாங்கூன்) பிறந்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், அரிசி ஆலையில் கணக்கு எழுதினார்கள், ரயில்வேயில் வேலை பார்த்தார்கள். போருக்கு முன்னால் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் உலை வைத்த வீடுகளில் ரங்கூன் அரிசி வெந்த காலம் அது. 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் குண்டு விழுந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் எல்லை ஊரான தமு, மணிப்பூர் வழியாகவும் நடந்தே ஊர் திரும்பினார்கள். நடந்தவர்களில் ஆயிரமாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே போனார்கள். அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களை ஜப்பானியர் எதிர்த் திசையில் கொண்டுபோனார்கள், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட. அந்தப் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்பார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். பர்மா மண்ணில் நம் எலும்பும் கிடக்கிறது என்று எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். இளையவர்கள் சிலர் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை.

பெருமையை மட்டும் பேசினால் முழுக்கதை ஆகாது. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு விளைநிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்திருந்தது. கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் நிலம் அது. நாம் அங்கே வாழ்ந்தோம், உழைத்தோம், வட்டியும் வாங்கினோம். பின்னால் ராணுவத் தளபதி நே வின் ஆட்சி 1964-இல் கடைகளை அரசுடைமை ஆக்கி, அந்நாட்டுப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகளைச் செல்லாது என்றதும், நம்மவர்கள் வெறுங்கையோடு மதராஸுக்குக் கப்பல் ஏறினார்கள். அந்தக் கப்பலில் கைக்குழந்தையாக வந்த ஒருவர்தான் இன்று எங்கள் குழுவில் கணக்குப் பார்க்கிறார். பழைய கணக்கு இரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டாம் என்று பெரியவர்களில் இருவர் தடுத்தார்கள். சொன்னால்தான் நாம் கேட்பது பிச்சை இல்லை என்று புரியும் என்பது குழுவின் முடிவு.

இப்போதைய நிலைமை உங்களுக்குத் தெரியும், சுருக்கமாகவே சொல்கிறோம். 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து சண்டை ஓயவில்லை. ஐநா கணக்கில் 35 லட்சம் பேருக்கு மேல் உள்நாட்டிலேயே வீடிழந்து அலைகிறார்கள். 2024-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியதும் பிள்ளைகள் எல்லை தாண்டி ஓடினார்கள். 2025 மார்ச் 28-இல் சகாயிங், மண்டலே பக்கம் 7.7 அளவு நிலநடுக்கம். நம் குடிமைத் தற்காப்புப் படையினரும் மீட்புக்குப் போனார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், பணமில்லாமல் உலக உணவுத் திட்டம் அங்கே பத்து லட்சம் பேருக்கு மேல் உணவு உதவியை நிறுத்தியது. பெரிய நாடுகள் கையை மடக்கிக்கொண்டதும் பாரம் சின்னக் கைகளுக்கு வந்திருக்கிறது.

சபைகளும் தப்பவில்லை. சின் மாநிலத்துத் தந்த்லாங் ஊர் 2021-இல் எரிந்தபோது தீயை அணைக்கப் போன ஒரு பாப்திஸ்துப் போதகரைச் சுட்டுக் கொன்றார்கள். காயா மாநிலத் தலைநகர் லொய்க்கோவின் கிறிஸ்து அரசர் பேராலயத்துக்குள் 2023 நவம்பரில் ராணுவம் புகுந்தது, ஆயரே அகதியானார். கச்சின் மாநிலத்து மிச்சினாவில் கன்னியாஸ்திரி ஆன் ரோஸ் நு தாவ்ங் ஆயுதம் ஏந்திய போலீசார் முன் முழந்தாளிட்ட படத்தை நம்மில் எல்லாரும் பகிர்ந்தோம். பகிர்வதற்குச் செலவில்லை, பாருங்கள்.

சரி, சமாதானப் பணி பற்றி. “நிவாரணம் கொடுங்கள், அரசியல் வேண்டாம்” என்று சிலர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் சபை எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியும். ஊர்வலம் இல்லை, பதாகை இல்லை. நாங்கள் எழுதியிருப்பது ஒரே ஒரு கடிதம், நம் பேராயர் வழியாகப் போகிறது. 2021 ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) தலைவர்கள் மியன்மார் பற்றி ஒத்துக்கொண்ட ஐந்து அம்சங்களில் முதலாவது வன்முறையை உடனே நிறுத்துவது. நிவாரண உதவியும் அந்த ஐந்தில் ஒன்று. அதைத்தான் திரும்பக் கேட்கிறோம்: யார் பிடியில் இருக்கும் ஊரானாலும் அரிசியும் மருந்தும் போக வழிவிடுங்கள், மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஆலயம், விகாரை, பள்ளிவாசல் மேல் குண்டு போடாதீர்கள். யாங்கூன் கர்தினால் சார்ல்ஸ் மாங் போவும் அங்குள்ள ஆயர்களும் ஆண்டுக்கணக்காகக் கேட்பதும் இதுவே. இதில் எந்தக் கட்சி இருக்கிறது? இருநூறு கையொப்பம் எதிர்பார்த்தோம், 83 வந்திருக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பர்மியப் பணிப்பெண்கள் சிலர் வந்து தங்கள் மொழியில் ஜெபிக்கிறார்கள். பர்மியக் கடைகள் உள்ள பெனின்சுலா பிளாசாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டமாகப் பார்க்கிறோமே, அவர்களில் சிலர்தான். நம் பக்கத்து நாற்காலிகள் பாதி காலி.

இனி செலவு. எல்லைப் பக்கத்துச் சபைகள் வழியாக, காயா, காயின் மாநிலங்களில் இடம்பெயர்ந்த 300 குடும்பங்களுக்கு இந்த உதவி. குடும்பத்துக்கு இரண்டு மூட்டை அரிசி 70 வெள்ளி, மொத்தம் 21,000. அது போய்ச் சேர்ந்துவிட்டது, ரசீது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அடுத்தது தார்ப்பாயும் கொசுவலையும், குடும்பத்துக்கு 28 வெள்ளி, மொத்தம் 8,400. கையில் இருப்பது 8,350. ஆம், அதற்கே 50 வெள்ளி குறைகிறது. மருந்துக்கு 12,000: மலேரியா, வயிற்றுப்போக்கு, பிரசவத்துக்கு வேண்டியவை, நடந்தே போகும் சுகாதார ஊழியர்கள் முதுகில் சுமந்து போவது. மரத்தடிப் பள்ளிக்கூடத்து ஆறு ஆசிரியர்களுக்கு மாதம் 75 வீதம் எட்டு மாதம், 3,600. வண்டிக்கூலிக்கும் பணமாற்றத்துக்கும் 3,000. இதில் முதல் தவணையை அங்குள்ள சபையார் கடன் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். இல்லாதவர்கள் நமக்காகக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். குழுவினரின் பயணம் அவரவர் சொந்தச் செலவு.

கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மைலோ டின்னில் சேர்த்துக் கொண்டுவந்த சில்லறையை எண்ணவே ஒரு மாலை ஆனது. 612 வெள்ளி 40 காசு. துவாஸ் தொழிலாளர் தங்கும் விடுதியிலிருந்து வரும் தம்பிமார் எட்டுப் பேர் சம்பள நாளில் ஆளுக்கு இருபது வெள்ளி தவறாமல் கொடுக்கிறார்கள். ஊரில் வீட்டுக் கடன் உள்ளவர்கள் அவர்கள். முறுக்கும் அச்சப்பமும் சுட்டு விற்ற அக்காமார் 2,180 வெள்ளி தந்தார்கள், எண்ணெய், மாவுச் செலவையும் கழிக்காமல். கிறிஸ்துமஸ் கீதப் பவனி போன வாலிபர்கள், பிறந்தநாள் விருந்தை நிறுத்திப் பணமாகக் கொடுத்த பாட்டி, பெயர் வேண்டாம் என்று உறையில் ஆயிரம் வைத்துவிட்டுப் போனவர், எல்லாரையும் நினைக்கிறோம். தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணனும், பக்கத்து புளோக்கில் இருக்கும் ஓர் இந்துக் குடும்பமும் நாங்கள் கேட்காமலே கொடுத்தார்கள். கர்த்தர் அவர்கள் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.

இதைச் சொல்லும்போதே ஒன்றைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நம் மண்டபத்துக் குளிரூட்டி பழுதானபோது மூன்றே வாரத்தில் 32,000 வெள்ளி சேர்ந்தது. இந்த நிதி ஐந்து மாதமாகத் தள்ளாடுகிறது. பொருத்தனை அட்டையில் தொகை எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் செலுத்தாதவர்கள் 41 பேர். அந்தத் தொகை மட்டும் வந்தாலே 9,700 கூடிவிடும். யார் பெயரையும் மேடையில் வாசிக்க மாட்டோம். கர்த்தருக்குத் தெரியும், பொருளாளருக்கும் தெரியும். வேலை போய்விட்டது, வீட்டில் நோய் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், அட்டையைக் கிழித்துவிடுகிறோம். மறந்துபோனவர்களுக்குத்தான் இந்த நினைவூட்டல். எருசலேம் ஏழைகளுக்காக பவுல் ஊர் ஊராகப் பணம் திரட்டிய நாளிலிருந்து சபைக்கு இது பழகிய கடமைதான்.

பேநவ் (கைப்பேசிப் பணப்பரிமாற்றம்) வழியாக அனுப்புவோர் குறிப்பில் ‘மியன்மார்’ என்று போடுங்கள். போடாவிட்டால் பொதுக் காணிக்கையில் சேர்ந்துவிடுகிறது. கியூஆர் படம் வாசலிலும் வாராந்தரத் தாளிலும் இருக்கிறது. காசோலை, ரொக்கம் இரண்டும் சபை அலுவலகத்தில் வாங்குவோம், ரசீது கட்டாயம் கேட்டு வாங்குங்கள். உள்ளூர் அறப்பணிக்குக் கிடைக்கும் 250 விழுக்காடு வரிக்கழிவு இந்த நிதிக்குக் கிடையாது. அதை எதிர்பார்த்துக் கொடுக்க வேண்டாம். பழைய துணி, டப்பா உணவு தயவுசெய்து கொண்டுவராதீர்கள், அனுப்பும் செலவு பொருளின் விலையைவிட அதிகம். கடிதத்தில் கையொப்பமிட விரும்புவோர் ஆராதனை முடிந்ததும் நூலக மேசைக்கு வரலாம். கடைசி நாள் ஏப்ரல் 30, மாலை 6 மணி. தணிக்கை செய்த வரவு செலவு மே மாதத்தில் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
மியன்மார் நிவாரண, சமாதானக் குழுவினர்